முதுகின் வலியும் மின்னின் ஆற்றலும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றை எழுதுவோர் ஈயத்தைப் பற்றி எழுதுவர். இரப்பரைப் பற்றி எழுதுவர். இருப்புப்பாதையையும் துறைமுகத்தையும் பற்றி எழுதுவர். அவற்றையெல்லாம் தாங்கிய முதுகுகளைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. 1886-ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரையும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவையும் இணைத்து இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரைகள் மறைந்து கல் வீடுகள் எழுந்தபோது, அவற்றிற்குச் செங்கல் அறுத்த சூளைகளால் ஓர் ஊரே பெயர் பெற்றது, அதுவே பிரிக்பீல்ட்ஸ். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரோடு திறக்கப்பெற்று, 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய துறையில் மூட்டைகள் ஏறின, இறங்கின. தண்டவாளம் பதித்தோரிலும், மூட்டை சுமந்தோரிலும், பால்மரக் காட்டில் காண்டாக் கம்பைத் தோளில் ஏற்றி இருபுறமும் வாளி தொங்க நடந்தோரிலும் தமிழர் நிறைந்திருந்தனர்.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரத்துக்கு மரம் குனிந்து வெட்டி, பின்னர் பால் எடுத்துச் சுமந்த அம்மக்கள் முதுகுவலியை ஒரு நோயாகவே எண்ணவில்லை. குறுக்கு வலி என்றார்கள். இடுப்புப் பிடிப்பு என்றார்கள். தைலம் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மறுநாள் மீண்டும் பெரட்டுக்குப் போனார்கள். தோட்டங்கள் குறைந்து மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பின்னரும் வலி அவர்களை விட்டுப் போகவில்லை. இன்று அது பார வண்டி ஓட்டுநரிடம் இருக்கிறது. தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்ணிடம் இருக்கிறது. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து கணினியை நோக்கும் எழுத்தரிடமும் இருக்கிறது.

மாறியது மருந்து. இன்று மருந்துக் கடைகளிலும் பேரங்காடிகளிலும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டி விற்கப்படுகிறது. அதிலிருந்து மெல்லிய கம்பிகள் புறப்படும். அவற்றின் நுனியிலுள்ள ஒட்டும் பட்டைகளை வலிக்கும் இடத்தில் ஒட்டிப் பொத்தானை அழுத்தினால் தோல் குறுகுறுக்கும், தசை துடிக்கும். தோலின்வழியே மின்துடிப்புகளைச் செலுத்தி நரம்பைத் தூண்டும் இம்முறையைச் சுருக்கமாக ‘டென்ஸ்’ என்பர். இது நெடுநாள் முதுகுவலியைத் தீர்க்குமா என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா. விடையை ஒரு சொல்லில் கூறிவிடலாம். ஆயினும் அந்த விடை எவ்வாறு கிடைத்தது என்னும் வரலாறு, விடையினும் பயனுடையது. ஏனெனில், அத்தகைய விடைகளைத் தேடும் வழியை உலகுக்குக் காட்டிய ஊர்களுள் நம் கோலாலம்பூரும் ஒன்று.

மின் திருக்கை முதல் மின்கச்சை வரை

மின்னைக் கொண்டு வலியைத் தணிக்கும் எண்ணம் மின்சாரம் என்னும் சொல்லினும் பழைமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கு உயிருள்ள மின் திருக்கை மீனைத் தலைமேல் வைக்குமாறும், கால்வாத வலிக்கு அதனைக் காலடியில் வைத்துக் கால் மரத்துப் போகும்வரை நிற்குமாறும் எழுதி வைத்தார். அம்மீனின் உடலில் இருப்பது மின்னாற்றல் என்பதை அவர் அறியார். தொட்டால் மரத்துப் போகிறது. மரத்தால் வலி தெரிவதில்லை. இவ்வளவே அவர் கண்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மின்னைச் சேமித்து வைக்கும் கண்ணாடிக் குடுவை ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்டது. உடனே அது மருத்துவத்திற்குள்ளும் நுழைந்தது. மெதடிஸ்டு சமய இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி, ஏழைகளுக்குச் செலவில்லாத மருத்துவம் என்று கருதி, 1760-இல் மின் மருத்துவத்தைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். அவருடைய நோக்கம் தூயது. அவர் சேர்த்த சான்றுகளோ குணமடைந்தோர் சொன்ன செய்திகள் மட்டுமே.

அதே காலத்தில் அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்கிளின் பக்கவாத நோயாளிகளுக்கு மின்னைச் செலுத்திப் பார்த்தார். மின்னியலில் உலகப்புகழ் பெற்ற அவர், தம் அறிவியலின் பெருமையை உயர்த்திப் பேசியிருக்கலாம். ஆனால் 1757-இல் ஒரு மருத்துவ நண்பருக்கு அவர் வரைந்த மடல் வேறு வகையானது. முதற்சில நாள்களில் நோயாளிகளின் கை கால்களில் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. ஐந்தாம் நாளுக்குப் பின்னர் அது வளரவில்லை. நிலையான பயன் எதனையும் தாம் காணவில்லை என்று அவர் எழுதினார். அம்மட்டோடு அவர் நிற்கவில்லை. தொடக்கத்தில் கண்ட சிறு முன்னேற்றமும் மின்னால் வந்ததா, நாள்தோறும் தம் இல்லத்திற்கு வந்துபோன உடற்பயிற்சியால் வந்ததா, குணமாகும் என்னும் நம்பிக்கை தந்த ஊக்கத்தால் வந்ததா என்பதைத் தம்மால் கூற இயலாது என்றும் எழுதினார். மருந்து, உடலசைவு, நம்பிக்கை என்னும் மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அம்மடலில் முளைவிட்டிருப்பதைக் காண்கிறோம்.

1784-இல் பாரிசு நகரில் மெஸ்மர் என்பாரின் காந்த மருத்துவத்தை ஆராய அமைந்த குழுவிலும் பிராங்கிளின் இடம் பெற்றார். அக்குழுவினர் நோயாளிகளின் கண்ணைக் கட்டிச் சோதித்தனர். தம்மீது காந்த ஆற்றல் செலுத்தப்படுகிறது என்று எண்ணியவர்கள், செலுத்தப்படாதபோதும் துடித்தார்கள். செலுத்தப்படுவதை அறியாதவர்கள் செலுத்தப்பட்டபோதும் அமைதியாக இருந்தார்கள். நம்பிக்கைக்கும் ஓர் ஆற்றல் உண்டு என்பதும், அதனை மருந்தின் ஆற்றலாக மயங்கக்கூடாது என்பதும் அன்றே விளங்கின.

விளங்கினும் வணிகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இடுப்பில் கட்டும் மின்கச்சைகள் ஏராளமாக விற்பனையாயின. முதுகுவலி முதல் நரம்புத் தளர்ச்சி வரை அனைத்தையும் அவை போக்கும் என்று செய்தித்தாள்கள் விளம்பரம் செய்தன. அந்நூற்றாண்டின் இறுதியில்தான் மின்சாரம் நம் மண்ணுக்கும் வந்தது. 1894-இல் சிலாங்கூரின் ரவாங்கில், லோக் இயூ அவர்களும் தம்புசாமிப் பிள்ளை அவர்களும் தம் ஈயச் சுரங்கத்தில் மின்னாற்றலைப் பயன்படுத்தினர். மலாயாவில் மின்சாரத்தை முதன்முதல் வேலை வாங்கியவருள் ஒருவர் தமிழர் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. அங்கே மின்சாரம் எந்திரத்தை இயக்கியதா இல்லையா என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. வலியை நீக்கியதா என்பதைக் கண்ணால் காண இயலாது. மருத்துவத்தின் இடர்ப்பாடு இதுவே.

வலியின் வாயில்

வணிகர்களால் மதிப்பிழந்த மின் மருத்துவத்திற்கு 1965-இல் ஒரு புதிய அடித்தளம் கிடைத்தது. ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் அறிஞர் இருவர், வலி எவ்வாறு உணரப்படுகிறது என்பதைப் பற்றிய புதிய கோட்பாடு ஒன்றை அவ்வாண்டு வெளியிட்டனர். அதற்கு முன்னர், அடிபட்ட இடத்திலிருந்து மூளைக்கு வலியானது மணி அடிக்கும் கயிறுபோல நேரே செல்கிறது என்று கருதப்பட்டது. அவ்விருவரும் அதனை மறுத்தனர். தண்டுவடத்தில் ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டு. மெல்லிய நரம்பிழைகள் கொண்டுவரும் வலிச்செய்தி அவ்வாயிலைத் திறக்க முயலும். தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுவரும் தடித்த நரம்பிழைகள் அதனை மூட முயலும். மூளையிலிருந்து இறங்கும் ஆணைகளும் அதனைத் திறக்கவோ மூடவோ செய்யும். இதுவே அவர்களின் கோட்பாடு.

இதனை விளக்க ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. கதவில் இடித்துக்கொண்ட குழந்தையின் முழங்காலைத் தாய் தேய்த்துவிடுகிறாள், அழுகை அடங்குகிறது. தேய்த்தலால் எழும் தொடுவுணர்ச்சி வலியின் வாயிலைச் சிறிது மூடுகிறது. கையால் தேய்ப்பதை மின்னால் செய்தால் என்ன என்று அறிஞர்கள் எண்ணினர். 1967-இல் வால் அவர்களும் நரம்பு அறுவை வல்லுநரான வில்லியம் சுவீட் அவர்களும் நாள்பட்ட கடும் வலியுடைய எட்டுப் பேரின் நரம்புகளை நொடிக்கு 100 மின்துடிப்புகளால் தூண்டினர். நரம்பு நோயுடைய நால்வருக்கு, இரண்டே நிமிடத் தூண்டலுக்குப் பின்னர் அரை மணிக்கு மேல் வலி தணிந்திருந்தது. 1970-களில் உடலோடு எடுத்துச் செல்லும் சிறு கருவிகள் சந்தைக்கு வந்தன. 1975-இல் மூளையே சுரக்கும் வலியடக்கிப் பொருள்கள் ஸ்காட்லாந்தில் கண்டறியப்பட்டபோது, மின்துடிப்பு அவற்றையும் தூண்டக்கூடும் என்னும் கருத்து வலுப்பெற்றது.

ஆகவே டென்ஸ் கருவியை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட இயலாது. அதற்குப் பின்னால் மதிக்கத்தக்க அறிவியல் உண்டு. ஆனால் ஒரு கோட்பாடு அழகாக இருப்பது வேறு. அதன்வழி அமைந்த மருந்து ஒரு குறிப்பிட்ட நோயைத் தீர்ப்பது வேறு. எட்டுப் பேரின் நரம்பு வலி அரை மணி தணிந்தது என்பதிலிருந்து, பத்தாண்டாக முதுகுவலியால் வருந்தும் தொழிலாளிக்கு நிலையான நலம் உண்டாகும் என்று முடிவு கட்டலாகாது. இடையில் ஒரு தேர்வு வேண்டும். அத்தேர்வு எத்தகையது என்பதை அறிய நாம் 1905-ஆம் ஆண்டின் கோலாலம்பூருக்குச் செல்ல வேண்டும்.

கோலாலம்பூர் கற்பித்த பாடம்

அக்காலத்தில் மலாயாவை வாட்டிய கொடிய நோய்களுள் பெரிபெரி ஒன்று. கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மனிதர் இறந்தனர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரிடம் அது மிகுதியாகப் பரவியது. தமிழ்த் தொழிலாளரிடம் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது தவிடு நீங்கத் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது நெல்லை அவித்துக் குத்திய புழுங்கலரிசி. நோயின் காரணம் அரிசியில் உள்ளது என்று அவர் வாதிட்டார். பலர் ஏற்கவில்லை. நோய் இடத்தால் பரவுகிறது என்றனர் சிலர். தொற்றால் பரவுகிறது என்றனர் வேறு சிலர்.

கோலாலம்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் பிளெட்சர் இதனைச் சோதித்தறிய முற்பட்டார். 1905-ஆம் ஆண்டு டிசம்பரில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை வரிசையாக நிற்கச் செய்து எண்ணினார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு புறம். இரட்டைப்படை எண்ணினர் மறு புறம். ஒரு பிரிவிற்குத் தீட்டிய பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. ஏனைய உணவு ஒன்றே. இடத்தின் தீமையோ என்னும் ஐயம் எழாதிருக்க, இடையில் இரு பிரிவினரின் விடுதிகளையும் மாற்றி வைத்தார். ஓராண்டின் முடிவில், பச்சரிசி உண்ட 120 பேருள் பெரிபெரி பரவி 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேருள் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. 1907-இல் இம்முடிவு இலண்டனின் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. தமிழன் வீட்டு உலையில் கொதித்த புழுங்கலரிசியின் சிறப்பை, நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்று பிற்கால அறிவியல் விளக்கிற்று.

தம் நிலையை அறிந்து இசைவு தர இயலாதவர்களை இவ்வாறு சோதனைக்கு உட்படுத்தியது இன்றைய அறநெறிக்கு ஒவ்வாதது. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அச்சோதனையின் முறை மருத்துவ வரலாற்றில் நிலைத்துவிட்டது. யாரை எந்தப் பிரிவில் வைப்பது என்பதை மருத்துவரின் விருப்பம் முடிவு செய்யவில்லை. வரிசை எண் முடிவு செய்தது. ஒரு பிரிவு மட்டும் போதாது. ஒப்பிட மற்றொரு பிரிவு வேண்டும். இரண்டிற்கும் ஒன்றைத் தவிர மற்றவை யாவும் சமமாக இருத்தல் வேண்டும். இம்மூன்றும் கோலாலம்பூர் கற்பித்த பாடங்கள்.

கருவி தராசில் ஏறியது

பெரிபெரியை மருத்துவர் கண்ணால் காணலாம், இறப்பை எண்ணலாம். முதுகுவலியை நோயாளி ஒருவரே அறிவார். ஆகவே இங்கு நான்காவது பாடம் ஒன்றும் தேவைப்படுகிறது. பிராங்கிளின் குறிப்பிட்ட நம்பிக்கையின் ஆற்றல் இரு பிரிவினருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும். அதற்காக ஒரு பிரிவினருக்கு உண்மைக் கருவியும், மற்றொரு பிரிவினருக்குத் தோற்றத்தில் அதனையே ஒத்து, மின் செலுத்தாத போலிக் கருவியும் கொடுக்கப்படும். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது.

1990-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு டேயோ அவர்களும் பிறரும் இவ்வகைச் சோதனை ஒன்றை வெளியிட்டனர். நாள்பட்ட முதுகுவலியுடைய 145 பேர் நான்கு பிரிவாக்கப்பட்டனர். முதற்பிரிவிற்கு உண்மைக் கருவி. இரண்டாவதற்குப் போலிக் கருவி. மூன்றாவதற்கு உண்மைக் கருவியும் உடற்பயிற்சியும். நான்காவதற்குப் போலிக் கருவியும் உடற்பயிற்சியும். ஒரு மாதம் கழிந்தது. உண்மைக் கருவி பெற்றோரின் வலி 47 விழுக்காடு குறைந்திருந்தது. கேட்போர் இங்கேயே மகிழ்ந்து எழுந்துவிடக் கூடும். ஆனால் போலிக் கருவி பெற்றோரின் வலியும் 42 விழுக்காடு குறைந்திருந்தது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு தற்செயலாகவே நிகழக்கூடிய அளவினது. போலிக் கருவி பெற்றோருள் 84 விழுக்காட்டினர் தம் கருவி நன்கு இயங்குவதாகவே நம்பியிருந்தனர் என்பதும் பின்னர்த் தெரியவந்தது.

இப்பொழுது நாம் கடைத்தெருவில் கேட்கும் சொற்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ‘எனக்கு இது கேட்டது, என் பக்கத்து வீட்டாருக்கும் கேட்டது’ என்று சொல்வோர் பொய் சொல்லவில்லை. அவர்களின் வலி உண்மையாகவே குறைந்திருக்கும். ஆயின், மின் செலுத்தாத கருவியை வாங்கியிருந்தாலும் ஏறத்தாழ அதே அளவு குறைந்திருக்கும் என்பதை அவர்கள் அறிய வழியில்லை. முதுகுவலி கடலலை போன்றது, ஏறும், இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதே நாம் மருந்தைத் தேடுகிறோம். அதன்பின் அது இறங்குவது இயல்பு. இறங்கும்போது கையில் எது இருந்ததோ அதற்கே புகழ் சேர்கிறது.

அதன்பின் வந்த ஆய்வுகளும் இம்முடிவையே வலியுறுத்தின. உலகெங்கும் நிகழ்ந்த சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு, 2008-இல் 585 நோயாளிகளைக் கொண்ட நான்கு சோதனைகளை ஆராய்ந்து, நாள்பட்ட முதுகுவலிக்கு டென்ஸ் முறையை வழக்கமாகப் பயன்படுத்தச் சான்று துணைசெய்யவில்லை என்றது. 2010-இல் அமெரிக்க நரம்பியல் கழகம் அவ்வாறே கூறிற்று. 2012-இல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்புறுதி, நாள்பட்ட முதுகுவலிக்காக அக்கருவி வாங்கும் செலவைப் பொதுவாக ஏற்பதில்லை என முடிவு செய்தது. 2016-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம், முதுகுவலிக்கு அதனை அளிக்க வேண்டா என்று அறிவுறுத்தியது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் நாள்பட்ட முதுகுவலிக்கெனத் தன் முதல் வழிகாட்டியை வெளியிட்டபோது, பரிந்துரைக்காத முறைகளின் வரிசையில் டென்ஸ் கருவியையும் இடுப்புப் பட்டையையும் இழுவை மருத்துவத்தையும் வைத்தது.

மறுபுறத்தையும் கூறுதல் நடுவுநிலைமையாகும். 2022-இல் வெளிவந்த ஒரு பெருந்தொகுப்பு, பல்வேறு வலிகள் பற்றிய 381 சோதனைகளை ஆராய்ந்தது. கருவி இயங்கும்போதும் நிறுத்திய உடனேயும் போலிக் கருவியைவிட வலி குறைகிறது என்று அது கண்டது. வாயில் கோட்பாடு கூறுவதும் இதுவே. தாய் தேய்க்கும்வரை குழந்தைக்கு இதம். கையை எடுத்த பின்னர் நெடுநேரம் அவ்விதம் நிற்பதில்லை. நீரிழிவால் கால் நரம்புகளில் தோன்றும் எரிச்சலுக்கு இம்முறை ஓரளவு உதவக்கூடும் என்று, முதுகுவலியில் அதனை மறுத்த அதே அமெரிக்க நரம்பியல் கழகம் 2010-இல் கூறியது. ஆகவே கருவி முற்றும் வீணானதன்று. அரை மணி இதம் தரவல்ல ஒன்றை ஆயுள் முழுவதற்கும் தீர்வு என்று விற்பதே குற்றம்.

வலி பொய்யா?

போலிக் கருவியாலும் வலி குறைந்தது என்றால் அந்த வலியே பொய் என்று சிலர் முடிவு கட்டுவர். தோட்டத்து மக்கள் இச்சொல்லை நெடுங்காலம் கேட்டவர்கள். இடுப்பு வலிக்கிறது என்று சொன்னவரைச் சோம்பேறி என்று பழித்த காலம் உண்டு. அறிவியல் அப்பழிக்கு இடந்தரவில்லை. வாயில் கோட்பாடு கூறுவது யாது? வலி முதுகில் மட்டும் பிறப்பதன்று. தண்டுவடமும் மூளையும் சேர்ந்தே அதனை ஆக்குகின்றன. அச்சமும் உறக்கமின்மையும் மனச்சோர்வும் அவ்வாயிலை அகலத் திறக்கின்றன. ஆறுதலும் நம்பிக்கையும் அதனைச் சற்று மூடுகின்றன. நம்பிக்கையால் குறையும் வலியும் மெய்யான வலியே, மெய்யாகவே குறைகிறது. நாம் கேட்க வேண்டிய வினா, அந்த நம்பிக்கையை இவ்வளவு விலை கொடுத்து ஒரு பெட்டியிடம் வாங்க வேண்டுமா என்பதே.

இங்குத்தான் 1990-ஆம் ஆண்டுச் சோதனையின் மறுபாதி நம் கருத்திற்குரியது. உடற்பயிற்சி செய்த இரு பிரிவினரும், கருவி உண்மையாயினும் போலியாயினும், பயிற்சி செய்யாதோரைவிடக் குறைந்த வலியும் மிகுந்த இயக்கமும் உடையோராய் இருந்தனர். ஆனால் இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்களுள் பெரும்பாலோர் பயிற்சியைக் கைவிட்டிருந்தனர். பெற்ற பயனும் போய்விட்டிருந்தது. பயன் தருவது எது என்பதும், அது ஏன் விலைபோவதில்லை என்பதும் இதனால் விளங்கும். உடற்பயிற்சி நாள்தோறும் நம்மிடம் உழைப்பைக் கேட்கிறது. கருவியோ பொத்தானை மட்டும் அழுத்தச் சொல்கிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில் ஏற்கத்தக்கவையாகக் கூறப்பட்டவற்றுள் உடற்பயிற்சியும், நோயைப் பற்றிய விளக்கமும், மனத்திற்கு வலிமை தரும் சில முறைகளும் அடங்கும். பிடித்துவிடுதலும் அவற்றுள் ஒன்று. எனினும் அதற்கான சான்றின் வலு மிகக் குறைவு என்றும் அவ்வழிகாட்டியே கூறுகிறது. இச்செய்தி பிரிக்பீல்ட்ஸ் மக்களுக்குத் தனிச்சுவை உடையது. 1951-இல் தோன்றிய பார்வையற்றோர் சங்கம் அவ்வட்டாரத்தில்தான் அமைந்துள்ளது. பார்வையற்றோர் பலர் பிடித்துவிடும் கலையைப் பயின்று அங்குள்ள தெருக்களில் அதனைத் தொழிலாக நடத்தி வருகின்றனர். விளம்பர ஒளியில் மின்னும் கருவிக்குக் கிட்டாத அளவான ஏற்பு, அவர்களின் கைகளுக்குக் கிட்டியிருக்கிறது. அக்கைகளும் நோயை வேரோடு அகற்றுவன என்று நாம் மிகைப்படுத்தலாகாது. ஆனால் ஒரு மனிதரின் கை இன்னொரு மனிதரின் வலியை அறிந்து தொடும்போது, தசையோடு மனமும் தளர்கிறது.

நாம் செய்யத்தக்கது

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை நம் மாணவர்கள் மனனம் செய்கின்றனர். நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் ஆராய்ந்து, அதன்பின்னரே பொருந்தச் செய்க என்பது அவ்வதிகாரத்தின் தெளிந்த நெறி. பிளெட்சரின் இரு வரிசைகளும் டேயோவின் நான்கு பிரிவுகளும் அந்நெறியின் இக்கால வடிவங்கள் என்றே கொள்ளலாம். ஆகவே இவ்வரலாறு அறிவியல் ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று, தமிழாசிரியருக்கும் உரியது.

முதுகுவலிக்கு மின்கருவி விற்பவரிடம் மாணவன் நான்கு வினாக்களைக் கேட்கக் கற்றுக்கொள்ளட்டும். ‘எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்? இரு பிரிவினரையும் பிரித்தவர் யார்? மின் செலுத்தாத கருவியைக் கொடுத்துப் பார்த்தீர்களா? பயன் எத்தனை நாள் நின்றது?’ இவ்வினாக்களுக்கு விடை கூறாமல், குணமடைந்தோரின் புகைப்படங்களை மட்டும் காட்டுபவர் 1760-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டவர். நம் நாட்டில் மருத்துவக் கருவிகளை முறைப்படுத்த 2012-இல் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் ஒரு கருவி பதிவு பெற்றுள்ளது என்பது, அது உங்கள் முதுகுவலியை நிலையாகத் தீர்க்கும் என்பதற்கு உறுதிமொழி ஆகாது.

முன்பே கருவியை வாங்கி, அதனால் இதம் காண்பவர் அதனைத் தூக்கி எறிய வேண்டுவதில்லை. அந்த இதமான அரை மணியில் எழுந்து நடப்பாராயின் கருவிக்கும் ஒரு பயன் உண்டு. இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி உடலில் பொருத்தப்பட்டவரும் கருவுற்ற பெண்டிரும் மருத்துவரைக் கேளாமல் அதனைத் தொடலாகாது. முதுகுவலியோடு கால் வலுவிழத்தல், தொடையிடை மரத்துப்போதல், சிறுநீர் அடங்காமை, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் கருவியையும் தைலத்தையும் விட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே ஒரு நாள் தாழ்த்தினும் நடக்கும் ஆற்றலையே இழக்க நேரிடலாம்.

மற்றவர்க்கு வழி எளியது; ஆனால் நீண்டது. நடத்தல், முதுகையும் வயிற்றையும் வலுப்படுத்தும் பயிற்சி, சுமையைப் பங்கிட்டுத் தூக்குதல், நெடுநேரம் ஒரே நிலையில் இராமை ஆகியவை அவ்வழியின் படிகள். இவற்றுட் சில தனிமனிதர் கையில் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு ஓர் இருக்கை கொடுப்பதும், தனியொருவர் தூக்கும் சுமைக்கு ஓர் அளவு வகுப்பதும் முதலாளியின் கடமை. தொழிற்சங்கம் கேட்டுப் பெற வேண்டிய உரிமை. வேலையால் வந்த வலிக்குப் பெட்டியை விற்றுவிட்டு, வேலையை அப்படியே விட்டுவைத்தால் வலி மீண்டும் வரும். பெட்டியும் மீண்டும் விற்கும்.

மின்சாரம் நாட்பட்ட முதுகுவலியைத் தீர்க்குமா என்னும் வினாவிற்கு இப்போது விடை கூறலாம். அது சிறிது நேரம் மறக்கச் செய்யும், தீர்க்காது. காண்டாக் கம்பின் தழும்பைத் தோளில் தாங்கிய தலைமுறைக்கு இவ்விடையைச் சொல்ல அன்று எவரும் இல்லை. அவர்களின் பிள்ளைகளுக்கும் பெயரர்களுக்கும் சொல்ல இன்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.